பெயரும் சின்னமும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் செப்பமிட்ட எழுத்து வடிவம்)



'நாடாளுமன்றத் தேர்தலும் கட்சித் தலைமையும்' என்ற தலைப்பைக் கொடுத்து என்னை அழைத்தீர்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் இந்தப் பாடத்தை வகுப்பில் நடத்தியிருக்கிறேன். பாடநூலில் உள்ளதை இங்கே திருப்பிச் சொல்லப் போவதில்லை. இத்தனை ஆண்டுகளாக மனத்தில் முள்ளாகத் தைத்துக்கொண்டிருக்கும் ஒரு கேள்வியை மட்டும் உங்கள் முன் வைக்கிறேன். ஆட்சியில் இருக்கும் தலைவர் தவறான வழியில் போகிறார் என்று அவருடைய கட்சி உறுப்பினர்களே கருதுகிறார்கள். ஆட்சியைக் கவிழ்க்காமல், கட்சியை உடைக்காமல், தங்கள் பதவியையும் இழக்காமல் அவரை மாற்ற அவர்களுக்கு வழி இருக்கிறதா? அந்த வழி இருந்தால்தான் நாடாளுமன்ற ஆட்சிமுறை உயிரோடு இருக்கிறது என்பது என் துணிபு. நம் நாட்டில் அது ஒருகாலத்தில் இருந்தது, பிறகு அடைபட்டது. அடைபட்ட கதையைத்தான் இன்று பேசப் போகிறேன்.

1. ஏழு வினாடி

2019 மக்களவைத் தேர்தலில் தென்மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் வாக்குச்சாவடித் தலைமை அலுவலராக இருந்தேன். கல்லூரி ஆசிரியர்களுக்கு இந்தப் பணி வருவது உங்களுக்குத் தெரியும். முற்பகலில் எழுபது வயதைக் கடந்த ஒருவர் வாக்களித்துவிட்டு நேரே என் மேசைக்கு வந்தார். "ஐயா, மெஷினு தப்பாக் காட்டுது. நான் அழுத்துனது ஒன்னு, சீட்டுல வேற பேரு வருது" என்றார்.

இப்படி ஒரு புகார் வந்தால் அதற்கென்று விதி இருக்கிறது. எழுத்துமூலம் உறுதிமொழி வாங்க வேண்டும், முகவர்கள் முன்னிலையில் சோதனை வாக்கு போடவைக்க வேண்டும், புகார் பொய்யென்றால் தண்டனை உண்டு. படிவத்தை எடுக்கும் முன் ஒரு கேள்வி கேட்டேன்: "சின்னம் சரியா இருந்துச்சாய்யா?"

"சின்னமெல்லாம் சரிதான். பேருதான் வேற யாரோ பேரு. நான் அவருக்குல்ல போட்டேன்."

அவர் சொன்ன 'அவர்' யார் என்று நான் கேட்கவில்லை, கேட்கவும் கூடாது. ஆனால் விஷயம் விளங்கிவிட்டது. அவர் மனத்தில் இருந்தவர் ஒரு கட்சியின் தலைவர். அந்தத் தலைவர் அந்தத் தொகுதியில் நிற்கவே இல்லை. கண்ணாடிக்குப் பின்னால் ஏழு வினாடி தெரிந்துவிட்டுப் பெட்டிக்குள் விழும் அந்தச் சீட்டில் வரிசை எண், வேட்பாளர் பெயர், சின்னம் ஆகியவை இருக்கும். பெரியவர் சின்னத்துக்கு வாக்களித்தார். அரசியலமைப்போ அந்தப் பெயருக்குத்தான் அவர் வாக்களித்ததாகக் கணக்கில் கொள்கிறது.

அரசியலமைப்பின் 75ஆம் பிரிவைப் பாருங்கள். பிரதமரைக் குடியரசுத் தலைவர் நியமிக்கிறார், அமைச்சரவை மக்களவைக்குக் கூட்டாகப் பொறுப்புடையது. பிரதமரை மக்கள் தேர்ந்தெடுப்பதாகவோ கட்சி தேர்ந்தெடுப்பதாகவோ அங்கே ஒரு வரியும் கிடையாது. 1985 வரை நம் அரசியலமைப்பில் அரசியல் கட்சி என்ற சொல்லே இல்லை என்பதை மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். அந்தச் சொல் உள்ளே நுழைந்த வாசலைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

ஆக, மக்கள் உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கிறார்கள், உறுப்பினர்கள் கூடித் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள், தலைவர் ஆட்சி நடத்துகிறார். அதிகாரம் கீழிருந்து மேலே போகிறது. மேலே போன அதிகாரத்தைத் திரும்பக் கேட்கும் உரிமையும் அதே படிகளில்தான் இருக்க வேண்டும்.

2. காமராஜர் எண்ணிய தலைகள்

1963 அக்டோபர் 2ஆம் நாள் காமராஜர் சென்னை மாநில முதலமைச்சர் பதவியைத் துறந்தார். அடுத்த ஜனவரியில் காங்கிரஸ் தலைவராகப் புவனேசுவரம் மாநாட்டில் தலைமை வகித்தார். நான்கே மாதத்தில், 1964 மே 27 அன்று நேரு மறைந்தார். குல்சாரிலால் நந்தா இடைக்காலப் பிரதமரானார். மொரார்ஜி தேசாய் போட்டிக்குத் தயாராக இருந்தார்.

ஒருமித்த கருத்தைக் கண்டறியும் பொறுப்பைக் காரியக் கமிட்டி காமராஜரிடம் ஒப்படைத்தது. நாடாளுமன்ற உறுப்பினர்களும் மாநில முதலமைச்சர்களும் அவரைத் தனித்தனியாகவும் சிறு குழுக்களாகவும் சந்தித்தார்கள். கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் லால் பகதூர் சாஸ்திரிக்கே ஆதரவு மிகுதி என்று அறிவித்தார். ஜூன் 2 அன்று நாடாளுமன்றக் கட்சி கூடியது. நந்தா முன்மொழிய, மொரார்ஜியே வழிமொழிந்தார். போட்டியில்லாமல் முடிந்தது.

இதைப் பெரும் சாதனை என்று நாம் பேசுகிறோம். பேச வேண்டியதுதான். நேருவுக்குப் பின் இந்தியா சிதறும் என்று உலகமே எதிர்பார்த்திருந்த நேரம் அது. ஆனாலும் ஆய்வாளன் என்ற முறையில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எத்தனை பேர் யாருக்கு என்ற கணக்கு காமராஜர் ஒருவர் மனத்தில்தான் இருந்தது. அதைச் சரிபார்க்க வேறொருவரால் முடியாது. அவர் நேர்மையில் எனக்கு எள்ளளவும் ஐயமில்லை. ஆனால் ஒரு மனிதரின் நேர்மையை நம்பி நிற்கும் முறை, அந்த மனிதர் போனபின் என்ன ஆகும்?

1966 ஜனவரி 11 அன்று தாஷ்கண்டில் சாஸ்திரி மறைந்தார். இந்த முறை மொரார்ஜி விட்டுக்கொடுக்கவில்லை, வாக்கெடுப்பு வேண்டும் என்றார். காமராஜரையே பிரதமராகும்படி பலர் வற்புறுத்தினார்கள். அவர் மறுத்துவிட்டு இந்திரா காந்தியின் பக்கம் நின்றார். ஜனவரி 19 அன்று நாடாளுமன்றத்தின் மைய மண்டபத்தில் இரகசிய வாக்கெடுப்பு நடந்தது. இந்திரா 355, மொரார்ஜி 169.

இந்த 169 என்ற எண்ணைச் சற்று நேரம் பாருங்கள். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு உறுப்பினர்கள், பிரதமராகப் போகிறவர் என்று தெரிந்தே அவருக்கு எதிராக வாக்களித்திருக்கிறார்கள். ஒருவர் பதவியும் பறிபோகவில்லை. கட்சி உடையவில்லை. தோற்றவர் அடுத்த ஆண்டுத் தேர்தலுக்குப் பின் துணைப் பிரதமர் ஆனார். நம் நாடாளுமன்ற வரலாற்றின் மிக ஆரோக்கியமான நாள்களில் ஒன்றாக அதை நான் கருதுகிறேன். பிரதமராகப் போகிறவரைத் தேர்ந்தெடுக்கக் காங்கிரஸ் நாடாளுமன்றக் கட்சியில் அப்படியொரு போட்டி வாக்கெடுப்பு அதற்குப்பின் நடக்கவில்லை. 1984 அக்டோபர் 31 அன்று ராஜீவ் காந்தி பதவியேற்றபோது நாடாளுமன்றக் கட்சி கூடியிருக்கவே இல்லை. பதவியேற்ற பிறகுதான் அது கூடி ஏற்றுக்கொண்டது.

3. மேலிடம் என்ற சொல்

1969 நவம்பரில் கட்சி அமைப்பு இந்திரா காந்தியைக் கட்சியிலிருந்தே நீக்கியது. அவரோ பிரதமராகத் தொடர்ந்தார். காரணம் எளியது: நாடாளுமன்ற உறுப்பினர்களில் பெரும்பகுதியினர் அவருடன் இருந்தார்கள். குறைந்த எண்ணிக்கையைத் தி.மு.க.வும் இடதுசாரிகளும் வெளியிலிருந்து நிரப்பினார்கள். கட்சி அலுவலகத்துக்கும் நாடாளுமன்றக் கட்சிக்கும் மோதல் வந்தபோது நாடாளுமன்றக் கட்சிதான் வென்றது. கோட்பாட்டளவில் அது சரி.

பின்னால் நடந்ததுதான் வேறு. 1971இல் பெரும் வெற்றி. அதன்பின் பிரதமரின் விருப்பமே கட்சி அமைப்பின் முடிவு என்றாகிவிட்டது. 1972க்குப் பிறகு காங்கிரஸில் முறையான உட்கட்சித் தேர்தல் 1992 வரை, அதாவது திருப்பதி மாநாட்டுக் காலம் வரை, நடக்கவில்லை. இருபது ஆண்டுகள்! ஒரு தலைமுறை, தேர்தல் என்றால் ஊராருக்கு நடப்பது, கட்சிக்குள் நியமனம்தான் என்று நம்பியே வளர்ந்தது. 'மேலிடம் முடிவு செய்யும்' என்ற சொல் நம் நாளிதழ்களில் குடியேறியது அந்தக் காலத்தில்தான். பிற கட்சிகள் காங்கிரஸை எதிர்த்தன. இந்தப் பழக்கத்தை மட்டும் அதனிடமிருந்தே கற்றுக்கொண்டன.

வாக்கெடுப்பைத் தவிர்த்தால் என்ன நேரும் என்பதற்கு 1989 டிசம்பர் 1 நல்ல பாடம். மைய மண்டபத்தில் ஜனதா தளம் கூடியது. வி.பி. சிங் எழுந்து தேவிலால் பெயரை முன்மொழிந்தார், சந்திரசேகர் வழிமொழிந்தார். தேவிலால் தேர்ந்தெடுக்கப்பட்டதாக அறிவித்தார்கள். உடனே தேவிலால் எழுந்து தமக்கு வேண்டாம் என்று சொல்லி வி.பி. சிங்கைத் தலைவராக்கினார். முன்பே பேசிவைத்த ஏற்பாடு. அது தெரியாத சந்திரசேகர் வெளியேறினார். ஓராண்டு முடிவதற்குள், 1990 நவம்பர் 7 அன்று, வி.பி. சிங் அரசு நம்பிக்கை வாக்கெடுப்பில் 142க்கு 346 என்று தோற்றது. கட்சியை உடைத்துக்கொண்டு போன சந்திரசேகர் பிரதமரானார். நேராக ஒரு வாக்குப் பெட்டியை வைத்திருந்தால் அந்தக் காயம் ஆறியிருக்குமோ என்று நான் பலமுறை நினைத்ததுண்டு.

4. இரண்டு பேர் கை மாறியிருந்தால்

அதே 1990 நவம்பரில் இலண்டனில் நடந்ததைச் சொல்கிறேன். நாம் பின்பற்றும் முறை அங்கிருந்து வந்தது என்பதால் அதை நுணுக்கமாகப் பார்ப்பது பொருந்தும்.

முதலில் அவர்களும் நம்மைப் போலத்தான் இருந்தார்கள். 1963இல் மாக்மில்லன் விலகியபோது கன்சர்வேடிவ் கட்சியில் தேர்தல் இல்லை. மூத்தவர்கள் கலந்து பேசினார்கள், பிரபுக்கள் அவையில் இருந்த அலெக் டக்ளஸ் ஹோம் பிரதமராக வந்தார். பிரபுப் பட்டத்தைத் துறந்து இடைத்தேர்தலில் வெல்லும் வரை சில நாள் அவர் எந்த அவையிலும் உறுப்பினராக இல்லாத பிரதமர். அந்த முறைமீது எழுந்த கண்டனத்தால், 1965இல் முதல்முறையாக உறுப்பினர்கள் வாக்களித்துத் தலைவரைத் தேர்ந்தார்கள். எட்வர்ட் ஹீத் வந்தார். பத்தாண்டுக்குப் பின், பதவியிலிருக்கும் தலைவரையும் எதிர்க்கலாம் என்று அந்த விதியைத் திருத்தி, அதே ஹீத்தை இறக்கினார்கள். இறக்கியவர் மார்கரெட் தாட்சர்.

தாட்சர் 1979, 1983, 1987 என்று மூன்று பொதுத்தேர்தல்களைத் தொடர்ந்து வென்றவர். 1990இல் தலைவரி மீதான கொந்தளிப்பும் ஐரோப்பா குறித்த பிளவும் கட்சியை உலுக்கின. மைக்கேல் ஹெசல்டைன் எதிர்த்து நின்றார். நவம்பர் 20 மாலை வாக்கெடுப்பு. தாட்சர் அப்போது பாரிஸில் உலகத் தலைவர்களுடன் மாநாட்டில் இருந்தார். தாட்சருக்கு 204, ஹெசல்டைனுக்கு 152. நம் கணக்கில் தாட்சர் வென்றார். அவர்கள் விதிப்படி அப்படியில்லை. முதல் சுற்றிலேயே வெல்ல, மொத்தமுள்ள 372 உறுப்பினர்களில் 15 விழுக்காட்டு முன்னிலை வேண்டும். அது 56 வாக்கு. கிடைத்ததோ 52. இரண்டே இரண்டு பேர் ஹெசல்டைனை விட்டு அவருக்கு வாக்களித்திருந்தால் அந்த 56 கிடைத்திருக்கும்.

இலண்டன் திரும்பினார். அமைச்சர்களை ஒவ்வொருவராக அறைக்கு அழைத்துக் கேட்டார். உங்களுக்கு என் ஆதரவு உண்டு, ஆனால் நீங்கள் வெல்ல மாட்டீர்கள் என்றே பெரும்பாலோர் சொன்னார்கள். அவர் நியமித்தவர்கள், அவரால் வளர்ந்தவர்கள், அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னார்கள். 22ஆம் நாள் காலை விலகல் அறிவிப்பு வந்தது.

நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புவது அன்று பிற்பகல் நடந்தது. எதிர்க்கட்சி கொண்டுவந்த நம்பிக்கையில்லாத் தீர்மானம் அவைக்கு வந்தது. காலையில் விலகலை அறிவித்த அதே தாட்சர் எழுந்து தம் அரசைக் காத்துப் பேசினார். தீர்மானம் 367க்கு 247 என்று தோற்றது. கட்சி தன் தலைவரைக் காலையில் மாற்றியது, தன் அரசை மாலையில் காப்பாற்றியது. ஒரே வாரத்தில் ஜான் மேஜர் தலைவரானார். 1992 பொதுத்தேர்தலில் அதே கட்சி மீண்டும் வென்றது. தலைவர் வேறு, அரசு வேறு என்று பிரித்துப் பார்க்கும் பக்குவம் இது. டில்லியில் அதே மாதத்தில் ஒரு தலைவரை மாற்ற ஓர் அரசையே கவிழ்க்க வேண்டியிருந்தது.

5. தொண்டர்கள் தேர்ந்தெடுத்தால்?

இங்கே ஒரு மாற்றுக் கருத்தை எதிர்கொள்ள வேண்டும். தலைவரைச் சில நூறு உறுப்பினர்கள் ஏன் தேர்ந்தெடுக்க வேண்டும், கட்சியின் தொண்டர்கள் எல்லாரும் வாக்களித்தால் அதுதானே கூடுதல் ஜனநாயகம் என்று மாணவர்கள் கேட்பார்கள். நானும் ஒருகாலத்தில் அப்படித்தான் நினைத்தேன். இங்கிலாந்தின் அனுபவம் என் எண்ணத்தை மாற்றியது.

தொழிற்கட்சியில் 2015இல் ஜெரமி கார்பின் தொண்டர்களின் பேராதரவோடு வந்தார். 2016 ஜூனில் அவருடைய நாடாளுமன்ற உறுப்பினர்களில் 172 பேர் அவர்மீது நம்பிக்கையில்லை என்று வாக்களித்தார்கள். நம்பிக்கை தெரிவித்தவர்கள் 40 பேர். அவர் விலகவில்லை. செப்டம்பரில் தொண்டர்கள் முன்னைவிடக் கூடுதல் விழுக்காட்டில் அவரையே மீண்டும் தேர்ந்தெடுத்தார்கள். அவர் கொள்கைகள் சரியா தவறா என்பதற்குள் நான் போகவில்லை. நாள்தோறும் அவர் பின்னால் அமர வேண்டிய உறுப்பினர்களுக்கு அவரிடம் நம்பிக்கையில்லை, அவர்களுக்கு அவரை மாற்ற வழியுமில்லை. நாடாளுமன்றக் கட்சி செயலிழந்தது.

கன்சர்வேடிவ் கட்சியில் உறுப்பினர்கள் இருவரைத் தெரிவு செய்வார்கள், அந்த இருவரில் ஒருவரைத் தொண்டர்கள் தேர்வார்கள். 2022 ஜூலையில் உறுப்பினர்களின் இறுதிச் சுற்றில் ரிஷி சுனக்குக்கு 137, லிஸ் டிரஸ்ஸுக்கு 113. தொண்டர்கள் டிரஸ்ஸைத் தேர்ந்தார்கள், 81,326க்கு 60,399. செப்டம்பர் 23 அன்று வந்த வரிக்குறைப்பு அறிவிப்பால் சந்தை ஆட்டம் கண்டது. அக்டோபர் 20 அன்று டிரஸ் விலகலை அறிவித்தார். ஐந்தாம் நாள் சுனக் பிரதமர். இம்முறை தொண்டர் வாக்கெடுப்புக்கு வேலையே வரவில்லை, எதிர்த்து நிற்கத் தேவையான ஆதரவு வேறு யாருக்கும் திரளவில்லை.

தொண்டர்கள் அறிவற்றவர்கள் என்று இதற்குப் பொருள் கொள்ளாதீர்கள். தேர்ந்தெடுக்கும் ஒருநாளில் அவர்கள் வருகிறார்கள், அதன்பின் ஒவ்வொரு நாளும் தலைவரை நிறுத்துப் பார்க்கும் இடத்தில் இருப்பவர் உறுப்பினர். தேர்ந்தெடுக்கும் உரிமையைத் தொண்டர்களோடு பகிர்ந்துகொள்ளலாம். இறக்கும் உரிமை உறுப்பினரிடம் இருந்தாக வேண்டும்.

6. இரண்டு கடிதங்கள்

இப்போது 1985க்கு வருகிறேன். அரியானாவில் கயாலால் என்ற சட்டமன்ற உறுப்பினர் 1967இல் இரண்டு வாரத்துக்குள் மூன்று முறை கட்சி மாறினார். அந்த நான்கைந்து ஆண்டுகளில் நாடெங்கும் இதே கூத்துதான். உறுப்பினர்கள் விலைபோனார்கள், மாநில அரசுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சரிந்தன. அந்த நோய்க்கு மருந்தாகத்தான் 52ஆவது திருத்தம் வந்தது, பத்தாவது அட்டவணை என்ற கட்சித் தாவல் தடைச் சட்டம். கட்சி என்ற சொல் அரசியலமைப்புக்குள் நுழைந்த வாசல் இதுதான். உறுப்பினர் தானாகக் கட்சியை விட்டு விலகினாலோ, அவையில் கொறடா உத்தரவை மீறி வாக்களித்தாலோ, வாக்களிக்காமல் இருந்தாலோ பதவி போகும். முதலில் மூன்றில் ஒரு பங்கினர் பிரிந்தால் விலக்கு இருந்தது. 2003இல் 91ஆவது திருத்தம் அதையும் எடுத்துவிட்டது.

கொறடா என்றால் சாட்டை. இங்கிலாந்திலும் அதே பொருள் தரும் சொல்தான். அங்கே சாட்டை ஓங்கினால் வலிக்கும், பதவி போகாது. கொறடாவை மீறியவரைக் கட்சிக் குழுவிலிருந்து நீக்குவார்கள், அவர் உறுப்பினராகவே தொடர்வார். இங்கே ஒரு வாக்கு மாறினால் தொகுதியே உறுப்பினரை இழக்கும்.

நம் மாநிலத்திலிருந்தே ஒரு சான்று தருகிறேன். 2017 ஆகஸ்ட் 22 அன்று அ.தி.மு.க. சட்டமன்ற உறுப்பினர்கள் 19 பேர் ஆளுநரைச் சந்தித்துக் கடிதம் கொடுத்தார்கள். முதலமைச்சர் மீது தங்களுக்கு நம்பிக்கையில்லை என்பது அதன் சாரம். அவர்கள் வேறு கட்சிக்குப் போகவில்லை, அவையில் மாற்றி வாக்களிக்கவும் இல்லை. ஒருவர் பின்வாங்கினார். மற்ற 18 பேரையும் செப்டம்பர் 18 அன்று சபாநாயகர் தகுதிநீக்கம் செய்தார், அவர்கள் தாமாகவே கட்சியை விட்டு விலகியதாகக் கொண்டு. 2018 ஜூனில் உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் மாறுபட்ட தீர்ப்பளித்தார்கள். அக்டோபரில் மூன்றாவது நீதிபதி தகுதிநீக்கம் செல்லும் என்றார். ஆண்டிபட்டிக்கும் பெரம்பூருக்கும் அரவக்குறிச்சிக்கும், இன்னும் பதினைந்து தொகுதிகளுக்கும் 2019 கோடை வரை உறுப்பினர் இல்லை.

2022 கோடையில் இலண்டனிலும் கன்சர்வேடிவ் உறுப்பினர்கள் கடிதம்தான் எழுதினார்கள், பிரதமர் போரிஸ் ஜான்சன் மீது நம்பிக்கையில்லை என்று. அங்கே கடிதம் போக வேண்டிய இடம் ஆளுநர் மாளிகை அன்று. கட்சியின் பின்வரிசை உறுப்பினர்களுக்கு '1922 குழு' என்று ஒன்று இருக்கிறது. அதன் தலைவரிடம் கொடுத்தால் எழுதியவர் பெயரை அவர் வெளியிட மாட்டார். அன்றைய விதிப்படி உறுப்பினர்களில் 15 விழுக்காட்டினர், அதாவது 54 பேர், எழுதிவிட்டால் இரகசிய வாக்கெடுப்பு தானாக வரும். ஜூன் 6 அன்று வந்தது. 211க்கு 148 என்று ஜான்சன் தப்பினார். ஆனாலும் 148 என்ற எண்ணின் கனத்தை அவரால் நெடுநாள் தாங்க முடியவில்லை. ஜூலையில் அமைச்சர்கள் கூட்டம் கூட்டமாக விலக, 7ஆம் நாள் அவரும் விலகலை அறிவித்தார்.

சென்னையில் அந்த 18 பேரின் நோக்கம் என்ன, அவர்கள் யார் சொல்லிச் செய்தார்கள் என்ற விவாதம் தனி. அதில் எனக்குக் கருத்து உண்டு, இங்கே அது தேவையில்லை. கடிதம் ஒன்றுதான். ஒரு நாட்டில் அது கட்சியின் விதிமுறை, மற்றொரு நாட்டில் அது பதவியைப் பறிக்கும் குற்றம். தலைவரிடம் நம்பிக்கையில்லை என்று சொல்ல உள்ளே ஓர் அறை இல்லாததால்தான் அவர்கள் ஆளுநரின் வாசலுக்குப் போக நேர்ந்தது. கட்சித் தாவலைத் தடுக்க வந்த சட்டம், கட்சிக்குள் இருந்துகொண்டே மாற்றுக்கருத்துச் சொல்பவரையும் அதே வலையில் வாரிவிட்டது.

7. பி படிவம்

சட்டம் பாதிதான். மீதிப் பாதி ஒரு தாளில் இருக்கிறது. வேட்புமனு கடைசி நாள், பிற்பகல் 3 மணி. அதற்குள் தேர்தல் நடத்தும் அலுவலர் கையில் கட்சியின் ஏ படிவமும் பி படிவமும் சேர வேண்டும். கட்சி சார்பில் கையெழுத்திடும் அதிகாரம் யாருக்கு என்று ஏ படிவம் சொல்லும். இந்தத் தொகுதியில் எங்கள் வேட்பாளர் இவர் என்று பி படிவம் சொல்லும். மையால் கையெழுத்திட்டிருக்க வேண்டும், முத்திரைக் கையெழுத்து செல்லாது. அந்தத் தாள் வந்தால் சின்னம் கிடைக்கும். வராவிட்டால் ஐம்பது ஆண்டு கட்சிக்கு உழைத்தவருக்கும் சுயேச்சைச் சின்னம்தான்.

இரவோடு இரவாகப் பெயர் மாறுவதும், பி படிவத்தோடு கார் பறப்பதும் நாம் கண்ணால் கண்ட காட்சிகள். வாக்குச்சாவடியில் அந்தப் பெரியவர் சின்னத்தைப் பார்த்துத்தான் பொத்தானை அழுத்தினார். அந்தச் சின்னம் ஒரு கையெழுத்தில் இருக்கிறது. கையெழுத்து தலைவருடையது, அல்லது தலைவர் காட்டியவருடையது. அப்படியானால் அந்த உறுப்பினர் யாருக்குக் கடன்பட்டவர்? ஐந்தாண்டு கழித்து மீண்டும் அந்தத் தாள் வேண்டுமென்றால் யாரைத் திருப்திப்படுத்த வேண்டும்? கீழிருந்து மேலே போக வேண்டிய அதிகாரம் இந்த இடத்தில் மேலிருந்து கீழே பாய்கிறது. உறுப்பினர்கள் தலைவரை உண்டாக்குவதற்குப் பதில் தலைவர் உறுப்பினர்களை உண்டாக்குகிறார். இதில் கட்சி வேறுபாடு கிடையாது.

8. மறுப்பும் மாற்றும்

இறக்குவது எளிதானால் நாளுக்கொரு தலைவர் வருவாரே என்பது வலுவான மறுப்பு. ஆஸ்திரேலியா அதற்குச் சான்று. 2010இல் கெவின் ரட்டை ஜூலியா கில்லார்ட் இறக்கினார். 2013இல் ரட் 57க்கு 45 என்று கில்லார்டை இறக்கினார். 2015இல் டோனி அபாட்டை மால்கம் டர்ன்புல் 54க்கு 44 என்று இறக்கினார். 2018இல் டர்ன்புல்லும் போனார். எட்டு ஆண்டில் நான்கு பிரதமர்கள் சொந்தக் கட்சியாரால் வீழ்ந்தார்கள். மக்கள் வெறுத்துப்போனார்கள். அவர்கள் அதற்காக வாசலை அடைத்துவிடவில்லை, படியை உயர்த்தினார்கள். பதவியிலிருக்கும் தொழிற்கட்சிப் பிரதமரை எதிர்க்க உறுப்பினர்களில் 75 விழுக்காட்டினரின் மனு வேண்டும் என்று 2013இல் விதி வந்தது. 2018 இறுதியில் லிபரல் கட்சி, தேர்தலில் வென்ற பிரதமரை மாற்ற மூன்றில் இரு பங்கு வேண்டும் என்றது. அதற்குப்பின் பதவியிலிருக்கும் பிரதமரை எந்தக் கட்சியும் அங்கே கவிழ்க்கவில்லை.

நமக்கு நான் மூன்று சொல்வேன்.

கொறடாவின் தண்டனை, அரசின் உயிர் சம்பந்தப்பட்ட வாக்கெடுப்புக்கு மட்டும் போதும். இது என் கண்டுபிடிப்பு அன்று. 1990இல் தேர்தல் சீர்திருத்தத்துக்கான தினேஷ் கோஸ்வாமி குழு ஏறக்குறைய இதைத்தான் பரிந்துரைத்தது. 1992இல் கட்சித் தாவல் சட்டம் செல்லும் என்று மூவர் பெரும்பான்மையில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றமும், கொறடாவின் எல்லையைக் குறுக்கிப் பொருள்கொள்ள வேண்டும் என்றது. முப்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. ஒரு பாலம், ஒரு பள்ளிக்கூடம் பற்றிய மசோதாவில்கூடத் தன் தொகுதிக்காக மாறி வாக்களிக்க ஓர் உறுப்பினரால் இன்றும் முடியாது.

அடுத்து, நாடாளுமன்றக் கட்சியின் உறுப்பினர்களில் நான்கில் ஒரு பங்கினர் எழுதிக் கேட்டால், கட்சிக்குள்ளேயே இரகசிய வாக்கெடுப்பு நடக்க வேண்டும். அப்படி எழுதுவது கட்சியை விட்டு விலகியதாகாது என்று பத்தாவது அட்டவணையில் ஒரு வரி சேர்க்க வேண்டும். தலைவரை இறக்க ஐம்பது விழுக்காடு போதுமா, மூன்றில் இரு பங்கு வேண்டுமா என்பதில் எனக்குப் பிடிவாதம் இல்லை.

மூன்றாவது பி படிவம். தொகுதிக்குள் இருக்கும் கட்சி உறுப்பினர்கள் வாக்களித்து, இருவர் அல்லது மூவர் கொண்ட பட்டியலைத் தரட்டும். தலைமை அந்தப் பட்டியலுக்குள்ளிருந்து ஒருவருக்குக் கையெழுத்திடட்டும். இதற்குச் சட்டத் திருத்தம் வேண்டாம். ஒரு கட்சி மனம்வைத்தால் அடுத்த செயற்குழுவிலேயே தீர்மானம் போடலாம்.

மாணவர்களுக்கு ஒரு வேலை தருகிறேன். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 29ஏ பிரிவின்படி, பதிவு பெறும் ஒவ்வொரு கட்சியும் தன் சட்டதிட்டங்களைத் தேர்தல் ஆணையத்திடம் கொடுக்க வேண்டும். நீங்கள் ஆதரிக்கும் கட்சியின் சட்டதிட்ட நூலைத் தேடி எடுங்கள். தலைவரைத் தேர்ந்தெடுக்கும் விதி அதில் இருக்கும், படித்துவிட்டு வேகமாகத் தாண்டிவிடுங்கள். தலைவரை நீக்கும் விதி எந்தப் பக்கத்தில் இருக்கிறது, யார் கேட்டால் அது நடக்கும், எத்தனை பேர் கேட்க வேண்டும், எத்தனை நாளுக்குள் கூட்டம் கூட்ட வேண்டும் என்று குறித்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் இல்லை என்று எழுதுங்கள். துறைத் தலைவர் அனுமதித்தால் அடுத்த மாதம் ஒரு பிற்பகல் நான் மீண்டும் வருகிறேன். உங்கள் குறிப்புகளை எல்லாம் இந்த மேசைமேல் வைத்துக்கொண்டு பேசுவோம்.